திறப்பு விழாவுக்குப் பின்

ஒன்றைத் தொடங்கி வைக்க நம்மிடையே ஆர்வலர் பலர். தொடங்கியதைப் பேணி வர ஆள் சிலரே. பாலத்துக்குத் திறப்பு விழா உண்டு. அதன் துருவைச் சுரண்டி ஆண்டுதோறும் வர்ணம் பூசுவோனுக்கு மாலை இல்லை. அலுவலகங்கள்தோறும் இன்று அமைக்கப்பெறும் இணையதளங்களின் நிலையும் இதுவே. பெரியோர் ஒருவர் பொத்தானை அழுத்த, தளம் பொதுமக்களுக்கு அர்ப்பணிக்கப்படுகிறது. ஈராண்டு கழித்து அதைத் திறந்து பார்ப்போர், அவ்விழாவின் படமே 'புதிய செய்தி' என்னும் தலைப்பின்கீழ் இன்னும் நிற்கக் காண்பர். இணையதளத்தைக் கட்டடமாக எண்ணுவதால் நேரும் பிழை இது. உண்மையில் அது நாள்தோறும் ஆளிருந்து இயக்க வேண்டிய ஒரு நிலையம்.

நிலையம் என்றால் என்ன என்பதற்குத் தக்க சான்று, திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியிலேயே உள்ளது. காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் எம்.எஸ்.டி. ராடார், 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைகளை வானோக்கி அனுப்பி, தெளிந்த காற்றிலிருந்தே திரும்பி வரும் மெல்லிய எதிரொலியைக் கொண்டு, உயர வானில் வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் அளப்பது. ஏறத்தாழ 130 மீட்டர் சதுரமான பரப்பில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக, 1024 யாகி ஆண்டெனாக்கள் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் இது இயங்கத் தொடங்கியபோது 32 பெரிய அலைபரப்பிகளே இதற்கு ஆற்றல் அளித்தன. பின்னாளில் அவற்றை நீக்கி, ஆண்டெனா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே திண்மநிலைக் கருவி பொருத்தினர். தொடங்கிய நாளிலேயே பணி முடிந்ததென்று எவரும் கருதியிருந்தால், இன்று அங்கே எஞ்சியிருப்பது கம்பிக் காடுதான்.

"ராடாருக்குத் துரு ஏறும், இணையதளத்துக்கு என்ன ஏறும்?" என்று அன்பர் ஒருவர் என்னைக் கேட்டதுண்டு. கேள்வி நியாயமானதே. எழுதி வைத்த நிரல் தானாகத் தேய்வதில்லை. ஆயின் அதனைச் சூழ்ந்த உலகம் நாள்தோறும் மாறுகிறது; மாறாது நிற்கும் நிரல் அவ்வளவில் பழுதுபடுகிறது.

சான்றாக, தள முகவரியின் அருகே காணும் பூட்டுக் குறியைக் கருதுவோம். 'இத்தளம் உண்மையானதே, இதனுடன் நிகழும் உரையாடலை வேறொருவர் ஒட்டுக்கேட்க இயலாது' என்பதற்கு அடிப்படையான மின்சான்றிதழ் அக்குறிக்குப் பின்னே உள்ளது. அதற்கு ஆயுள் உண்டு. 2020 செப்டம்பர் முதல் வழங்கப்பெற்ற சான்றிதழ்களுக்கு அது 398 நாட்களுக்கு மேற்படலாகாது என்றாயிற்று. உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குவோரும் 2025-ஆம் ஆண்டில் செய்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று அவ்வாயுள் படிப்படியாகக் குறைகிறது. புதுப்பிக்கும் பொறுப்பு எவருடையது என்று வகுக்கப்படாத தளம், ஒரு நாள் காலையில் அபாய எச்சரிக்கையுடன் மக்களைத் திருப்பி அனுப்பிவிடும். தளத்துக்கு அடித்தளமான மென்பொருளுக்கும் முதுமை உண்டு. உலகெங்கும் பல தளங்கள் சார்ந்திருந்த ட்ரூபல் 7 என்னும் மென்பொருளுக்கு 2025 ஜனவரி 5-ஆம் நாளுடன் ஆதரவு நிறுத்தப்பட்டது. அதன்பின் அதில் ஓட்டை காணப்பட்டால், அதைச் செய்தவர்கள் அடைத்துத் தரமாட்டார்கள்.

ஓட்டையை அடைக்கத் தாமதித்தால் நேர்வது யாது என்பதை அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம் உலகுக்குக் காட்டியது. அதன் தளத்தில் பயன்பட்ட மென்பொருள் ஒன்றின் குறைபாடும் அதற்குரிய திருத்தமும் 2017 மார்ச்சு மாதத்திலேயே வெளியிடப்பட்டன. திருத்தம் பொருத்தப்படாத தளத்தினுள் மே மாதம் கள்வர் புகுந்தனர். ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் விவரங்கள் களவு போயின. இக்களவைக் கண்டிருக்க வேண்டிய காவற்கருவியின் மின்சான்றிதழோ மாதக்கணக்கில் காலாவதியாகிக் கிடந்தது! ஜூலை இறுதியில் அதைப் புதுப்பித்த பின்னரே ஊடுருவல் புலப்பட்டது. அங்கே குறைந்தது அறிவுமன்று, பொருளுமன்று, அன்றாடக் கடமையே.

நிற்க. மென்பொருள் பழுது அறிஞர் கண்ணுக்கேனும் படும். எவர் கண்ணுக்கும் எளிதிற் படாத பழுது ஒன்றுண்டு. அது செய்தியின் முதுமை. 1911-இல் அமைக்கப்பெற்ற சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் பிரிக்கப்பட்டது. நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியையும் சேர்த்துக்கொண்டு திருப்பதி மாவட்டம் பிறந்தது. மேற்சொன்ன காதங்கிக் கூடம் ஓரடியும் நகரவில்லை. ஆயினும் ஒரே நாளில் அதன் மாவட்டம் மாறிற்று. அவ்வாறே எத்தனை பள்ளிகள், மருத்துவமனைகள், பதிவு அலுவலகங்களின் முகவரிகள் மாறியிருக்கும்! முந்தைய நாள் வரை மெய்யாயிருந்த எண்ணற்ற பக்கங்கள், ஓரெழுத்தும் மாறாமலே மறுநாள் பொய்யாயின.

இதில் என் பங்கையும் மறைத்தல் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தின் பக்கங்களைத் தமிழாக்கிக் கொடுத்தேன். மாவட்டம் பிரிந்த பின்னர் ஒரு நாள், வேறு பணியாகச் சித்தூர் சென்று அவ்வலுவலகத்தில் காத்திருந்தேன். புத்தூரிலிருந்து முதியவர் ஒருவர் பேரனின் துணையின்றி வந்திருந்தார். அவர் ஊர் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்டது. அவர் நாடி வந்த பிரிவும் திருப்பதிக்கு மாறிவிட்டது. மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டி, "ஐயா, பேரன் எடுத்துக் கொடுத்தான், சர்க்கார் எழுத்திலே இங்கேதான் என்று போட்டிருக்கிறதே?" என்றார். அத்தாளிலிருந்தவை என் சொற்கள். ஆங்கிலப் பக்கத்தைத் திருத்தியவர்கள், தமிழ்ப் பக்கம் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டனர். என் தமிழில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. அவருடைய ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் அதனால்தான் வீணாயின. அன்றுமுதல், கைவிடப்பட்ட மொழிபெயர்ப்பை விட மொழிபெயர்ப்பின்மையே மேல் என்னும் எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

திருமலையை நோக்குக. 300 ரூபாய் சிறப்பு நுழைவுத் தரிசனச் சீட்டுகள் குறித்த நாளில், குறித்த நேரத்தில் தளத்தில் வெளியிடப்படுகின்றன. அக்கணத்தில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பக்தர்கள் ஒருசேர வாயிலைத் தட்டுவர். இத்தகைய நெரிசலைத் தாங்குவதற்கான ஆயத்தத்தை முதல் நாளில் ஒருமுறை செய்து முடித்துவிட இயலாது. அன்றியும், போலித் தளங்களைக் குறித்துத் தேவஸ்தானம் பலமுறை எச்சரித்துள்ளது. புதிய போலி முளைக்கும்போதெல்லாம் கண்டு களைவதும் பராமரிப்பின் கூறேயாம்.

"இதற்கெல்லாம் பணம் ஏது? தளம் பழுதானால் புதிதாகவே அமைத்துக் கொள்ளலாமே" என்பார் உளர். புதிதாக அமைப்பதில் கவர்ச்சி உண்டு. மீண்டும் ஒரு திறப்பு விழாவும் உண்டு. ஆனால் அம்முறையில் பழைய முகவரிகள் பெரும்பாலும் அறுந்து போகின்றன. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் நூற்றுக்கு 38 பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை. தனியார் பக்கம் மறைந்தால் ஒருவருக்கு இழப்பு. அரசாணையும் ஆய்வுத் தரவும் மறைந்தால் அச்சிட்ட நூலின் ஏட்டைக் கிழிப்பதற்கு அஃது ஒப்பாகும்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. இந்திய அரசுத் தளங்களுக்கான நெறிமுறைகள் 2009-இலேயே வெளிவந்தன. மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. தளத்துக்குப் பொறுப்பான வலைத்தகவல் மேலாளர் ஒருவர் வேண்டுமென அவை கூறுகின்றன. அப்பொறுப்பு ஏட்டளவில் நில்லாது, ஒருவரின் அன்றாடப் பணியாதல் வேண்டும். தளம் அமைக்கப் பணம் ஒதுக்கும் ஆணையிலேயே, அடுத்த ஐந்தாண்டுப் பராமரிப்புக்கும் ஒதுக்கீடு இடம்பெற வேண்டும். காப்பு நகலை எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து தளத்தை மீட்டு எழுப்ப இயலுமா என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்தல் வேண்டும். பக்கந்தோறும் அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட நாள் காணப்பட வேண்டும். ஆங்கிலப் பக்கம் திருத்தப்படும் நாளிலேயே தமிழ், தெலுங்குப் பக்கங்களும் திருத்தப்பட வேண்டும். இயலாதாயின், திருத்தும் வரை அவற்றை மறைத்து வைப்பதே நேர்மை.

இவ்வறிவு நமக்குப் புதிதன்று. 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைக் காக்கவென்றே ஆண்டுதோறும் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரியை வெட்டியவன் புகழ் வெட்டிய அன்றோடு முற்றுப்பெறும். ஊருக்கு நீர் கிடைப்பது கரையையும் மதகையும் ஆண்டுதோறும் பார்ப்பவனால் என்று அவ்வூரார் அறிந்திருந்தனர். நம் அலுவலகம் ஒவ்வொன்றிலும் அத்தகைய வாரியம் ஒன்று, ஈரிருவர் கொண்டதாயினும், அமையுமாக. புத்தூர் முதியவர் கையிலுள்ள தாள் அப்போதுதான் மெய் பேசும்.