விருந்தும் விருதும்: மரபுரிமைப் பேணலின் புரவலர் அரசியல்

புராதனச் சின்னங்களைப் பேணுதல் இன்று ஓர் அறிவுத்துறையாகவும் கைவினையாகவும் இருப்பதோடமையாது, செல்வர் குழாத்தின் சமூகச் சடங்காகவும் மாறிவிட்டது. அச்சடங்கின் உச்சநிலை, பேணல் நிறுவனங்கள் நடத்தும் விருது விருந்தாகும். மண்டபம் ஒளியூட்டப்படும், மேசைகள் விலைபேசப்படும், பெருந்தொகை கொடுத்தோர்க்கு மேடைக்கு அண்மையில் இடம் கிடைக்கும், ஈற்றில் ஒருவர் மரபுரிமையின் காவலர் எனப் போற்றப்படுவார். அவர் யார், எதன்பொருட்டுப் போற்றப்படுகிறார் என வினவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நியூயோர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட உலக நினைவுச்சின்ன நிதியத்தை எடுத்துக்கொள்வோம். 1965இல் ஜேம்ஸ் கிறே என்னும் ஓய்வுபெற்ற கேணல் நிறுவிய இவ்வமைப்பு, எத்தியோப்பியாவின் லலிபெலா பாறைக்குடைவுத் தேவாலயங்கள் முதல் கம்போடியாவின் பிரேயா கான் ஆலயம் வரை ஆற்றிய பணி மறுக்கத்தக்கதன்று. எமது கண்டனம் அப்பணி பற்றியதன்று. 1988ஆம் ஆண்டு தொடங்கிய அதன் ஹேட்ரியன் விருது பற்றியதே. 1994இல் அதனைப் பெற்றவர் வங்கியாளர் டேவிட் றொக்பெல்லர். 1996இல் பெற்றவர் ஆகா கான். இருவரும் கலைக்கும் கட்டடக்கலைக்கும் பெருங்கொடை வழங்கியோர் என்பதில் ஐயமில்லை. ஆயின், கொடுத்தலும் பேணுதலும் ஒன்றேயெனக் கருதும் மயக்கத்தையே இத்தகைய விருதுகள் நிலைநாட்டுகின்றன.

விருதுக்குச் சூட்டப்பட்ட பெயரே இம்மயக்கத்துக்கு எதிராகச் சான்று பகர்கின்றது. உரோமப் பேரரசன் ஹேட்ரியன் காலத்தில் நிறைவுற்ற பந்தியன் ஆலயத்தின் முகப்பில் பொறிக்கப்பட்டிருப்பது அவனது பெயரன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் அவ்விடத்தில் முதலாவது ஆலயத்தை எழுப்பிய அகிரிப்பாவின் பெயராகும். புதுக்கியவன் தன் பெயரை மறைத்து முன்னோன் பெயரை நிறுத்தினான். அவன் பெயரால் நடைபெறும் விருந்திலோ புரவலரின் பெயரே முதலிலும் முடிவிலும் ஒலிக்கின்றது. அதே ஹேட்ரியன் யெருசலேமின் இடத்தில் ஏலியா கப்பித்தோலினா என்னும் உரோமக் குடியிருப்பை நிறுவியவன், கி.பி. 132 முதல் 135 வரை நிகழ்ந்த யூதர் கிளர்ச்சியை அடக்கியபின் அவர்களை அந்நகரினின்றும் விலக்கியவன். ஏதென்சில் ஆலயம் முடித்த கையும் யெருசலேமில் ஒரு மக்களின் நினைவை அழித்த கையும் ஒன்றே. அதிகாரம் தான் விரும்பியதைப் பேணும், விரும்பாததை அழிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பேணுதலை உண்மையில் நிகழ்த்துவோர் யார்? ஆகா கான் அறக்கட்டளை தில்லியிலுள்ள ஹுமாயூன் கல்லறையில் மேற்கொண்டு 2013இல் நிறைவுசெய்த பணியையே நோக்குக. இருபதாம் நூற்றாண்டில் கூரைமீது கொட்டப்பட்ட கொன்கிறீற்றில் ஏறத்தாழ பத்து இலட்சம் கிலோகிராம் கையாலேயே அகற்றப்பட்டது. ஓடு வேயும் நுட்பம் அருகிப்போயிருந்தமையால் உஸ்பெக்கிஸ்தானிலிருந்து கைவினைஞர் வந்து உள்ளூர் இளைஞரைப் பயிற்றுவித்தனர். கல்தச்சர், சுண்ணச்சாந்து பூசுவோர், ஓடு சுடுவோர் ஆகியோரின் உழைப்பே அக்கட்டடத்தை மீட்டது. பணம் அவ்வுழைப்பைக் கூட்டிற்று என்பது மெய். அதற்கு ஈடாயிற்று என்பது பொய். நூல்களிலும் மேடைகளிலும் அறக்கட்டளையின் பெயர் நிலைக்க, அக்கைகளின் சொந்தக்காரர் 'கைவினைஞர்' என்ற ஒரே பன்மைச் சொல்லுக்குள் மறைந்துபோகின்றனர்.

'பணமின்றிக் கல்லொன்றும் நிமிராது. புகழை விரும்பும் செல்வரிடம் புகழைக் கொடுத்துப் பணத்தைப் பெறுவதில் தவறென்ன?' என இதற்கு மறுப்புரைப்பர். வலுவான வாதம்தான். எனினும் அப்பணம் முழுவதும் செல்வருடையதா என்பதை ஆராய்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்க வரிச்சட்டத்தின்படி, இத்தகைய விருந்துக்குச் செலுத்திய தொகையில் உணவு முதலியவற்றின் சந்தைப் பெறுமதி நீங்கலாக எஞ்சியது கொடையாகக் கொள்ளப்பட்டு வரிக்கழிவுக்கு உரியதாகும். திறைசேரிக்கு அதனால் ஏற்படும் இழப்பைப் பொதுமக்களே தாங்குகின்றனர். மேசைகளில் இடமின்றிப் பணம் மட்டும் செலுத்திய விருந்தாளிகள் அவர்களே. பாரிசின் நோத்ர்தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15இல் தீப்பற்றியபோது பெருஞ்செல்வர் அறிவித்த கொடைகளுக்கு எதிராக இதே கண்டனம் எழுந்தது. பத்துக் கோடி யூரோ வழங்க முன்வந்த பினோ குடும்பத்தினர் வரிச்சலுகை கோரமாட்டோம் என அறிவித்தனர். சலுகையைத் துறத்தல் இயலாததன்று என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

இதனினும் ஆழமான கேடு தெரிவிலே உள்ளது. விருந்தின் வருவாய், விருது பெறுபவர் தம் நண்பரையும் வணிகத் தொடர்புடையோரையும் எத்தனை மேசைகள் வாங்கச் செய்வார் என்பதிலே தங்கியுள்ளது. நாற்பதாண்டுகள் சாரமேறி நின்ற கல்தச்சனால் ஒரு மேசையையேனும் நிரப்ப முடியுமா? ஆகவே தகுதிக்கான அளவுகோல், நடுவர் கூடுமுன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. சின்னங்கள் ஒரு நாட்டில். அவற்றைத் தாங்கும் கைகளும் அங்கேயே. புகழ் மட்டும் வேறொரு நாட்டின் விருந்து மண்டபத்தில் பகிரப்படுகின்றது.

மாற்றுவழி இல்லையெனக் கூறுதல் பொருந்தாது. யப்பான் 1950இல் இயற்றிய பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி, 1955 முதல் தலைசிறந்த கைவினைஞரும் அரங்கக் கலைஞரும் அரசினால் தெரிவுசெய்யப்பட்டு வருகின்றனர். மக்கள் அவர்களை 'வாழும் தேசியச் செல்வங்கள்' என்பர். 1975ஆம் ஆண்டுத் திருத்தம், பழைய கட்டடங்களையும் பொருள்களையும் பேணுதற்கு இன்றியமையாத நுட்பங்களையே தெரிவுசெய்து, அவற்றை அறிந்தோரை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. அரசின் உதவி, கலையைப் பயில்வதற்கும் அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பதற்குமாக வழங்கப்படுகின்றது. அங்கு மதிப்புப் பெறுவது பணப்பையன்று, அறிவாகும். நுட்பம் அழிந்தால் எத்தனை கோடி குவித்தும் கட்டடம் மீளாது என்ற உண்மையை அச்சட்டம் உணர்ந்துள்ளது.

எனவே, புரவலரை இகழ்தல் எமது நோக்கமன்று. கொடையாளருக்கு நன்றி கூறுக. அதனை நன்றி என்றே அழைக்குக. விருது என்னும் சொல்லை, சின்னத்தைத் தன் கையாலும் கல்வியாலும் காத்தவர்க்கு ஒதுக்குக. ஒவ்வொரு பணியிலும் உழைத்தோரின் பெயர்களைக் கொடையாளர் பெயர்களோடு ஒரே பலகையிற் பொறிக்குக. மரபுரிமை மக்கள் அனைவருக்கும் உரியதெனில், அதைக் காத்த பெருமையும் மேசை வாங்கியோருக்கு மாத்திரம் உரியதாக இருத்தல் இயலாது.