கௌண்டிச் சபையின் மானியமும் குடியானவரின் கடமையும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. குடும்பச் செலவில் இம்மொழியைத் தவறாது கைக்கொள்ளும் குடியானவர், பொதுச் செலவு விஷயத்தில் அதனை மறந்துவிடுகின்றனர். வரி கட்ட வேண்டிய நாள் ஒவ்வொருவருக்கும் நினைவிருக்கிறது. அவ்வரிப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று சபை கூடித் தீர்மானிக்கும் நாளோ வெகு சிலருக்கே தெரிகிறது. தீர்மானம் ஆனபின் குறை கூறுவோர் பலர். தீர்மானிக்கும் இடத்தில் நின்று கேட்போர் அரியர். இக்குறை எல்லாத் தேசங்களுக்கும் பொதுவானதே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கௌண்டிச் சபைகள் விவசாயப் போதகருக்குப் பணம் ஒதுக்கிய சரித்திரத்தை ஆராய்ந்தால், இக்குறையினால் விளையும் நஷ்டமும் அதனைப் போக்கும் வழியும் நன்கு விளங்கும்.

கௌண்டி என்பது அத்தேசத்தில் ராஜ்யத்திற்கு அடுத்த கீழ்ப்பிரிவாகும். தேசம் முழுவதிலும் 3,000-க்கு மேற்பட்ட கௌண்டிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சிறு சபை இருக்கிறது. கலிபோர்னியாவில் அதன் பெயர் மேற்பார்வையாளர் சபை; உறுப்பினர் வழக்கமாக ஐவர். டெக்ஸாஸில் அதனைக் கமிஷனர் கோர்ட்டு என்பர். பெயர் கோர்ட்டு ஆயினும், கௌண்டி நீதிபதி ஒருவரும் கமிஷனர் நால்வரும் கூடி நடத்துவது பெரும்பாலும் நிர்வாகமே. நியூ ஜெர்ஸி ராஜ்யத்தில் 2020-ஆம் வருஷ முடிவு வரையில் இச்சபைக்கு 'தேர்ந்தெடுக்கப்பட்ட நிலச்சொந்தக்காரர் சபை' என்னும் பொருளுடைய பெயர் வழங்கிற்று. நிலமுடையோரே பொதுக் காரியங்களை நடத்தி வந்த பழங்காலத்தின் அடையாளம் அது. 2021 ஜனவரி முதல் அதுவும் கமிஷனர் சபை என்று மாற்றப்பட்டது.

பாதைகள், பாலங்கள், சிறைச்சாலை, சுகாதாரம், ஏழைகள் பராமரிப்பு முதலியவை இச்சபைகளின் பொறுப்பு. நிலத்தின் மீதும் கட்டிடத்தின் மீதும் விதிக்கும் சொத்து வரி இவற்றின் முக்கியமான வருமானங்களுள் ஒன்று. ஆகையால் கௌண்டிச் சபை செலவிடும் ஒவ்வொரு டாலரிலும் நிலச்சொந்தக்காரருக்கு ஒரு பங்கு உண்டு. வருஷந்தோறும் ஒவ்வோர் இலாகாவும் தனக்கு வேண்டிய தொகையைக் கேட்டு மனுச் செய்யும். சபையார் வரவு செலவு நகல் ஒன்று தயாரித்து, அதனைப் பகிரங்கப்படுத்தி, பொதுஜனங்களின் வார்த்தையைக் கேட்பதற்கென்று ஒரு நாளைக் குறிப்பிடுவர். அன்று எந்தக் குடியும் எழுந்து பேசலாம். அதன் பின்னரே சபையார் வாக்களிப்பர். நடவடிக்கைகள் குறிப்பேட்டில் ஏறும். ஏட்டில் ஏறிவிட்ட பின்பு அடுத்த வருஷம் வரையில் அதனை மாற்றுவது எளிதன்று.

இத்தகைய சபைகளின் உதவியால் விவசாயத்திற்கு உண்டாகக்கூடிய நன்மைக்கு அயோவா ராஜ்யத்தின் ஸியூ கௌண்டி ஒரு சிறந்த உதாரணம். 1903-ஆம் வருஷத்தில் அங்கே விவசாயக் கல்லூரி ஆசிரியர் பெர்ரி ஹோல்டன் என்பவர் ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்கினார். கௌண்டிக்குச் சொந்தமாக ஏழைகள் விடுதியைச் சேர்ந்த பண்ணை ஒன்று இருந்தது. அக்கௌண்டியின் குடியானவர்கள் விதைத்து வந்த மக்காச்சோள விதைகளையே வாங்கி, அப்பண்ணையில் பக்கம் பக்கமாக விதைத்தனர். அறுவடைக் காலத்தில் குடியானவர்கள் வந்து தத்தம் விதையின் விளைவை அயலான் விதையின் விளைவோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். நூறு பிரசங்கங்களால் ஆகாத காரியத்தை ஒரு பாத்தி செய்து காட்டிற்று. இதற்கு ராஜதானியிலிருந்து பெருந்தொகை எதுவும் வரவேண்டியிருக்கவில்லை. கௌண்டியின் கைவசமிருந்த நிலமே போதுமானதாயிற்று.

அதே 1903-ஆம் வருஷத்தில் டெக்ஸாஸின் டெரல் என்னும் ஊரில் மற்றொரு பரீக்ஷை நடந்தது. பருத்திக் காய்க் கூன்வண்டு மெக்ஸிகோ தேசத்திலிருந்து பரவிப் பருத்தி வெள்ளாமையைப் பாழாக்கிக் கொண்டிருந்த காலம் அது. ஸீமன் நாப் என்னும் விவசாய நிபுணர், வால்ட்டர் போர்ட்டர் என்னும் குடியானவரின் நிலத்தில் 70 ஏக்கரைத் தம் முறைப்படி சாகுபடி செய்யுமாறு ஏற்பாடு செய்தார். நஷ்டம் நேர்ந்தால் ஈடு செய்வதற்காக ஊரார் ஒரு தொகையைச் சேர்த்துவைத்தனர். நஷ்டம் நேரவில்லை; லாபமே கிடைத்தது. சர்க்கார் பண்ணையில் அன்றி, குடியானவனின் சொந்த நிலத்தில், அவன் கையாலேயே செய்து காட்டுவதுதான் நம்பிக்கை தரும் என்பது நாப்பின் கொள்கை. இதன் பலனாக 1906-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அதே ராஜ்யத்தின் ஸ்மித் கௌண்டியில், ஒரே கௌண்டிக்கென்று தனியாக ஒரு விவசாய ஏஜெண்டு முதன்முதலாக நியமிக்கப்பட்டார். அவருடைய சம்பளத்தில் பெரும் பங்கை அவ்வூர் வியாபாரிகளே ஏற்றுக்கொண்டனர்.

பின்னர் 1914-ஆம் வருஷம் மே மாதம் 8-ஆம் தேதி ஸ்மித்–லீவர் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி மத்திய சர்க்கார் ஒவ்வொரு ராஜ்யத்திற்கும் வருஷம் 10,000 டாலர் நிபந்தனையின்றி அளித்தது. அதற்கு மேல் 6,00,000 டாலரில் தொடங்கி வருஷந்தோறும் உயர்ந்து 41,00,000 டாலர் வரை செல்லும் மற்றொரு தொகையும் ஒதுக்கப்பட்டது. இந்த இரண்டாவது தொகை கிராம ஜனத்தொகைக்கு ஏற்பப் பங்கிடப்பட்டது. ஆனால் அதனைப் பெற விரும்பும் ராஜ்யம், ராஜ்யப் பணத்திலிருந்தோ கௌண்டிப் பணத்திலிருந்தோ கல்லூரியிடமிருந்தோ நன்கொடையாளரிடமிருந்தோ அதற்குச் சமமான தொகையைக் காட்ட வேண்டும். இந்நிபந்தனையின் பயனாக, விவசாய ஏஜெண்டின் சம்பளம் கௌண்டிச் சபையின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

மேலிருந்து முழுப் பணமும் வருவதே மேலானது என்று பலர் கருதுவர். அக்கருத்து சரியன்று. கலிபோர்னியாவில் 1913-ஆம் வருஷத்தில் ஹம்போல்ட் கௌண்டியே முதன்முதலாக விவசாய ஆலோசகரைப் பெற்றது. அந்த ராஜ்யத்தில், குடியானவர்கள் முதலில் ஒரு சங்கமாகக் கூட வேண்டும், கௌண்டிச் சபையும் பணம் ஒதுக்க வேண்டும், அதன் பின்னரே சர்வகலாசாலை ஆலோசகரை அனுப்பும் என்னும் முறை ஏற்பட்டது. இதன் நியாயம் வெளிப்படை. தானே கூலி கொடுத்து அமர்த்திய ஆளின் வேலையை எஜமானன் கவனிக்கிறான். பிறர் கூலி கொடுத்து அனுப்பிய ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அவனுக்குக் கவலையில்லை. கௌண்டிச் சபையின் பங்கு சிறிதாயினும், 'எங்கள் பணம் எங்கே?' என்று கேட்கும் உரிமையை அது குடியானவனுக்கு அளிக்கிறது. அக்கேள்விக்கு விடை கூறும் கடமையை ஏஜெண்டுக்கும் உண்டாக்குகிறது.

எனினும் இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படும் ஆக்ஷேபங்கள் மூன்றையும் மறைத்தல் நேர்மையாகாது.

முதலாவது ஆக்ஷேபம் வரிச் சுமை. 1920-க்குப் பின் விளைபொருள் விலைகள் வீழ்ந்தபோதும், 1929-க்குப் பின் நேர்ந்த பெரும் மந்தத்தின்போதும், சில கௌண்டிச் சபைகள் ஏஜெண்டுக்குரிய ஒதுக்கீட்டை நிறுத்திவிட்டன. பாதை உடைந்தால் வண்டிக்காரன் கூச்சலிடுவான். போதகர் போனால் கூச்சலிடுவோர் இல்லை. ஆகவே கத்தி முதலில் அங்கேதான் விழும். ஆனால் 1933-ஆம் வருஷத்தில் சாகுபடிப் பரப்பைக் குறைத்தவர்களுக்கு மத்திய சர்க்கார் பணம் கொடுக்க முற்பட்டபோது, அவ்வேலை பெரும்பாலும் ஏஜெண்டுகள் மூலமாகவே நடைபெற்றது. ஏஜெண்டு இல்லாத கௌண்டிகளுக்கு அவசரமாக ஆட்களைத் தேட வேண்டியதாயிற்று. கஷ்ட காலத்தில் மிச்சம் பிடிக்க எண்ணி வித்தை விற்பது போன்றதே அச்செய்கை. வரிச் சுமை மெய்யானதுதான். ஆயினும் எதைக் குறைப்பது என்று முடிவு செய்யுமுன் குடியானவரைக் கேட்டிருக்க வேண்டும். குடியானவரும் கேட்கப்படும் நாளில் வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஆக்ஷேபம் இன்னும் கடுமையானது. சபையில் இடமில்லாதவனுக்குச் சபையின் மானியத்தில் பங்கு கிட்டுமா? 1906 நவம்பரிலேயே அலபாமா ராஜ்யத்தின் மேகன் கௌண்டியில் தாமஸ் கேம்ப்பெல் என்னும் கருப்பினத்தவர் விவசாய ஏஜெண்டாக நியமிக்கப்பட்டார். டஸ்கீகி கல்விச்சாலையிலிருந்து கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்ற அவருடைய வண்டிக்குப் பணம் அளித்தது கௌண்டிச் சபையன்று. மாரிஸ் ஜெஸப் என்னும் நியூயார்க் தனவந்தர். தென் ராஜ்யங்களில் கருப்பினக் குடியானவர்கள் வரி செலுத்தினர். ஆனால் வாக்குரிமை அவர்களுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டது. 1914-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பணத்தை எந்தக் கல்லூரி நடத்துவது என்பதை ராஜ்ய சட்டசபைகளே முடிவு செய்தமையால், அதுவும் வெள்ளையர் கல்லூரிகளின் கைக்கே சென்றது. 1965-ஆம் வருஷத்து வாக்குரிமைச் சட்டத்திற்குப் பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. 1969-ல் அலபாமாவின் கிரீன் கௌண்டியில் கருப்பினத்தவர் கமிஷனர் சபையின் பெரும்பான்மையைப் பெற்றனர். உள்ளூர்ப் பணம், உள்ளூர் அதிகாரம் என்பது நல்ல கொள்கையே. ஆனால் உள்ளூரில் வாயடைக்கப்பட்டவன் ஒருவன் இருக்கும் வரையில் அக்கொள்கை பாதி நியாயமே ஆகும்.

மூன்றாவது ஆக்ஷேபம், பணம் கொடுப்பதற்குத் துணை நின்ற சங்கமே ஏஜெண்டைத் தன் ஆளாக்கிக் கொள்ளும் என்பது. அமெரிக்காவில் அவ்வாறே பல இடங்களில் நேர்ந்தது. ஏஜெண்டுக்கு ஆதரவளிக்க ஏற்பட்ட கௌண்டி விவசாய சங்கங்கள் நாளடைவில் அங்கத்தினர் சந்தா, வியாபாரம், ராஜீய விவகாரம் ஆகியவற்றில் ஈடுபட்டன. சங்கத்தில் சேராத சிறு குடியானவன் ஏஜெண்டை அணுகக் கூசினான். இதனால் 1954-ஆம் வருஷத்தில் மத்திய விவசாய இலாகா இவ்விரண்டையும் பிரிக்குமாறு உத்தரவிட்டது. அயோவா ராஜ்யம் 1955-ல் ஒரு சட்டம் இயற்றி, ஒவ்வொரு பிரிவிலும் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் விவசாயப் போதனைச் சபையை அமைத்தது. அதற்கென்று தனி வரியும் வகுத்தது. நோய் உள்ளூர் மானியம் அன்று. கணக்கும் அதிகாரமும் ஒரு சிலர் கையில் ஒடுங்குவதே நோய் என்பதை இம்மாறுதல் காட்டுகிறது.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் பெறப்படும் முடிவு யாதெனில்: ஒதுக்கீட்டின் தொகையைக் கொண்டு அதன் பயனை மதிப்பிடலாகாது. அதனைக் கேட்டவர் யார், அதில் உள்ளூரார் பங்கு எவ்வளவு, வருஷ முடிவில் கணக்குப் பார்ப்பவர் யார் என்னும் மூன்று கேள்விகளைக் கொண்டே மதிப்பிட வேண்டும். கேட்டவர் எவரும் இல்லாத மானியம் விரும்பாத விருந்து போன்றது. உள்ளூரார் பங்கு சிறிதும் இல்லாத மானியத்திற்குக் காவலர் இல்லை. கணக்குப் பார்ப்பார் இல்லாத மானியம் ஓட்டைப் பாத்திரத்தில் வார்த்த நீர். ஏழைக் கௌண்டிக்கு மேலிருந்து அதிகப் பங்கு வருவது நியாயமே. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை ஏழைக்கும் செல்வனுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

இவ்விஷயம் இந்நாட்டிற்கு அந்நியமானதன்று. இந்தியாவில் 1952-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 2-ஆம் தேதி தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் அமெரிக்க விவசாயப் போதனை முறையின் செல்வாக்கை ஓரளவு பெற்றிருந்தது. கிராம சேவகர்கள் நியமிக்கப்பட்டனர். பணம் மேலிருந்து வந்தது. ஆயினும் எதிர்பார்த்த அளவுக்கு ஜனங்களின் ஊக்கம் பிறக்கவில்லை. காரணத்தை ஆராய நியமிக்கப்பட்ட பல்வந்த்ராய் மேத்தா குழு, 1957-ல் அளித்த அறிக்கையில், பொறுப்பும் அதிகாரமும் பணமும் உள்ள, ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தல ஸ்தாபனங்கள் இல்லாமல் கிராம அபிவிருத்தியில் உண்மையான ஊக்கம் தோன்றாது என்னும் முடிவுக்கு வந்தது. கௌண்டிகள் அனுபவத்தால் கற்ற பாடமே இங்கும் கற்கப்பட்டது.

தமிழ்நாட்டில் 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்கு ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவையும் பார்வையிட்டு ஒப்புதல் அளிக்கும் உரிமையைத் தந்துள்ளது. 2022-ஆம் வருஷம் முதல் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் அதற்கென்று குறிக்கப்பட்டுள்ளன. அமெரிக்கக் குடியானவனுக்கு வருஷத்தில் ஒரு வரவு செலவு நாள். இங்கே ஆறு நாட்கள் வாசலில் வந்து நிற்கின்றன. கூட்டம் முடிந்தபின் கையெழுத்திட்டுத் திரும்பும் நில உடைமையாளர், தம் வாய்க்காலுக்கும் களத்துக்கும் பணம் ஏன் வரவில்லை என்று யாரிடம் நோவது?

ஆகையால் நிலமுடையோர் முன்னதாகவே கூடி, வேண்டுவது இன்னதென்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுபோதல் நலம். தமக்கு மட்டும் வேண்டியதைக் கேளாமல், குத்தகைதாரனுக்கும் கூலிக்காரனுக்கும் வேண்டியதையும் சேர்த்துக் கேட்டால், அக்கோரிக்கையை ஒதுக்குவது எவர்க்கும் கடினமாகும். கிராம அதிகாரிகள் வரவு செலவுக் கணக்கை அனைவரும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதிச் சாவடியில் ஒட்டுவித்து, கேட்போருக்கு முகம் சுளிக்காமல் விளக்கம் கூறுதல் வேண்டும். விதையைப் பொறுக்கி எடுப்பவன் விளைவைப் பற்றிப் பேசத் தகுதியுடையவன். மானியத்தின் விதை சபையில் விழுகிறது. அந்நாளில் அங்கே இருப்பதும் சாகுபடி வேலையில் ஒன்றே.