ஹேண்ட் பிரேக் விட மறுத்தால்...

 

வாலாஜாபாத் சகோதரர் ஒருவர் எழுதுகிறார்: "மழையில் இரண்டு வாரம் ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்ற எங்கள் பழைய மாருதி 800 காரில், தாயாரை மருத்துவரிடம் காட்டக் காஞ்சிபுரம் புறப்பட்டேன். பிரேக்கை விடுவித்தும் வண்டி திணறியது. பாதி வழியில் கருகிய வாடை. பின்சக்கரம் ஒன்று அனலாய்க் கொதித்தது. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவசியமா?"

சகோதரரே, பொறுங்கள். மாருதி 800-இல் எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்குச் செல்கிறது. ஹேண்ட் பிரேக் பிடிப்பதோ பின்சக்கரங்களை. ஆகவே கியர்பாக்ஸ் கெடுவது அரிது. மேட்டில் எஞ்சின் இரைந்தும் வேகம் கூடவில்லையெனில் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். அம்பாசிடர் போன்று பின்சக்கரங்கள் உந்தும் வண்டியாயின், டிஃபரன்ஷியலில் ஊளைச் சத்தமோ எண்ணெய்க் கசிவோ உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

முதலில் சோதிக்க வேண்டியது சக்கரத்தையே. வண்டி தானாக ஆறட்டும். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடக்கூடும். பின்னர் சமதளத்தில் முன்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கலில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுகினால் பிரேக் ஷூ ஒட்டியிருக்கிறது, அல்லது கேபிள் துருவேறியிருக்கிறது. கரகரத்தாலோ ஆடினாலோ பேரிங் கெட்டிருக்கலாம். டிரம்மைக் கழற்றி, ஷூ கருகியுள்ளதா, வீல் சிலிண்டர் கசிகிறதா என்றும் பாருங்கள்.

உண்மையான ஆபத்து வேறு. டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய ஆயிலோ 140 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் ஆவி சேர்ந்து பிரேக் பெடல் மெத்தென்று அமுங்கும், வண்டி நிற்காது. அப்படியொரு வண்டியில் தாயாரை ஏற்றாதீர்கள். ஆயிலை மாற்றிய பின்பே சாலைக்கு எடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கவே பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். வண்டியைக் கட்ட ஹேண்ட் பிரேக் மட்டுமே கயிறன்று. மழைக்காலத்தில் பல நாள் நிறுத்துவதாயின் முதல் கியரில் போட்டு, சக்கரத்திற்குக் கல் வையுங்கள். தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு சொல்: பிறர் வாகனம் உங்களிடம் அமானிதம். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்குமுன் கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்லாதீர்கள்.

வஸ்ஸலாம்.