கடலுக்கு அப்பால் எக்மோ

2020-ல் கோவிட் பரவியபோது உலக சுகாதார நிறுவனம் டாக்டர்களுக்குத் தந்த ஆலோசனைகளில் ஒன்று, படிக்கச் சுலபமாக இருந்தது: வென்டிலேட்டர் வைத்தும் ஆக்சிஜன் ஏறாத நோயாளியை, எக்மோ வசதியும் அனுபவமும் உள்ள இடத்துக்கு அனுப்புவது பற்றி யோசியுங்கள். சென்னையில் அதற்கு ஓர் ஆம்புலன்ஸ் போதும். அந்தமானில்? சென்னை 1,300 கி.மீ.க்கு அப்பால். கப்பலில் சுமார் மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

எக்மோ என்பது தமிழ் வீடுகளில் பழகிப்போன சொல். 2016-ல் ஜெயலலிதா, 2020-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்று இரண்டு மரணங்கள் அதை அறிமுகப்படுத்தின. ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திரும்பச் செலுத்தும் எந்திரம். அது நுரையீரலைக் குணப்படுத்துவதில்லை. நுரையீரல் தானாகத் தேறுவதற்கு அவகாசம் மட்டுமே தருகிறது. 36 நாடுகளில் எக்மோ வைக்கப்பட்ட 1,035 கோவிட் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2020-ல் வெளியானது. அனுபவம் மிக்க மருத்துவமனைகளிலேயே ஏறக்குறைய 10-ல் 4 பேர் பிழைக்கவில்லை.

அப்படியானால் தீவிலேயே ஓர் எந்திரம் வாங்கி வைத்துவிடலாமே? பணம் இருந்தால் எந்திரம் வந்துவிடும். இரவும் பகலும் கூடவே இருக்கும் நர்ஸ், கருவியை இயக்கத் தெரிந்தவர், ரத்தம் உறையாமலும் கசியாமலும் பார்த்துக்கொள்ளும் டாக்டர் ஆகியோர் பெட்டியில் வருவதில்லை. ஆண்டுக்குச் சில நோயாளிகள் மட்டுமே வரும் இடத்தில் அந்தக் கைப்பழக்கம் நிலைக்காது. எக்மோ நிபுணர்களின் சர்வதேச அமைப்பும், தொற்றுக் காலத்தில் அவசரமாகப் புதிய மையங்களைத் தொடங்க வேண்டாம் என்றே சொன்னது.

நோயாளியை விமானத்தில் ஏற்றுவதிலும் ஒரு சிக்கல். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் மலைவாசஸ்தலத்தில் இருப்பது போலக் குறையும். தரையிலேயே ஆக்சிஜனுக்குத் திணறுபவர் அங்கே மேலும் திணறுவார். மோசமான பிறகு அனுப்புவது பல நேரம் அனுப்பாததற்குச் சமம். கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் இருப்பவருக்கோ, போர்ட் பிளேரே 500 கி.மீ.க்கு மேல் தொலைவு. (2024-ல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது.)

ஆகவே தீவுக்கு முதல் தேவை எக்மோ அல்ல. தடையில்லாத ஆக்சிஜன், வென்டிலேட்டரைச் சரியாகக் கையாளும் ஊழியர்கள், நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கும் பொறுமை. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 2013-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த கடும் நோயாளிகளை நீண்ட நேரம் குப்புறக் கிடத்தியதால் 28 நாள் மரண விகிதம் 33-லிருந்து 16 சதவிகிதமாகக் குறைந்தது. அதற்கு எந்திரம் வேண்டாம். தெரிந்த நாலைந்து ஜோடிக் கைகள் வேண்டும்.

அதற்கும் முந்தியது பரிசோதனை. 2020 ஆகஸ்டில், 50 பேர் அளவிலேயே மிஞ்சியிருந்த கிரேட் அந்தமானியர்களில் 10 பேருக்குத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. போர்ட் பிளேரில் இருந்த சிலருக்குத் தொற்று தெரிந்ததுமே மருத்துவக் குழு அவர்களது ஸ்ட்ரெய்ட் தீவுக்குச் சென்றது. 1858-ல் பிரிட்டிஷார் குடியேறியபோது ஆயிரக்கணக்கில் இருந்த இனம் அது. 1877-ன் தட்டம்மை உள்ளிட்ட நோய்கள் வாரிக்கொண்டு போனதில் 1901-ல் 625 பேராகவும், 1961-ல் 19 பேராகவும் சுருங்கியது. இம்முறை இழப்பு நேரவில்லை.

அரசுக் கணக்குப்படி கோவிட் இத்தீவுகளில் 129 உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த தொற்று வருவதற்கு முன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஆக்சிஜன் எந்த அளவுக்கு இறங்கினால் நோயாளியை அனுப்புவது? யார் முடிவு செய்வது? எந்த விமானம்? சென்னையிலோ கொல்கத்தாவிலோ எந்தப் படுக்கை? செலவையும் பிழைக்கும் வாய்ப்பையும் குடும்பத்திடம் யார் ஒளிக்காமல் சொல்வது? நோயாளி மூச்சுக்குத் திணறும் நள்ளிரவில் இதையெல்லாம் தொலைபேசியில் பேசித் தீர்க்க முடியாது.