ஆற்றங்கரை நடையும் அறுந்த வாலும்

பிறமொழி ஆக்கமொன்றைத் தமிழாக்குவோர் அதன் வாலை அறுத்துவிட்டு, எஞ்சியதை முழு உடம்பென்று காட்டலாமா? ஜெரோம் கே. ஜெரோம் என்னும் ஆங்கில நகைச்சுவை ஆசிரியர் 1889இல் வெளியிட்ட 'ஒரு படகில் மூவர்' என்ற நூலின் பதினேழாம் அத்தியாயத்தில் ஒரு பகுதியை எம் மாணவர் ஒருவர் தமிழ்ப்படுத்தி, மாணவர் சஞ்சிகையொன்றுக்கு அனுப்பியிருந்தார். அதனைப் பார்வையிட்ட பெரியவர், ஈற்றில் மதுவிடுதியொன்று வருவதைக் கண்டு அப்பகுதி முழுவதையும் நீக்கினார். 'களைப்புத் தீரத் தேநீர் அருந்தி மீண்டனர்' என ஒரு வரியை ஒட்டி வைத்தார். கூடச் சென்ற நாயும் நீக்கப்பட்டது. மாணாக்கர் நலங் கருதியே அவர் இவ்வாறு செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. செய்தது தகாது என்பதிலும் ஐயமில்லை.

நீக்கப்பட்டது யாதெனக் கேளுங்கள். தேம்ஸ் நதிக்கரையில் ஸ்ட்ரீற்லி என்னும் ஊரிலே தங்கிய நண்பருள் இருவர், மாலையில் நாயுடன் வாலிங்போட் வரை நடக்கின்றனர். திரும்பும் வழியில் ஆற்றோர விடுதியொன்றில் நுழைகின்றனர். அங்கே கண்ணாடிப் பெட்டியுள் பெரியதொரு திரௌட் மீன். சுங்கான் புகைத்திருந்த கிழவர், அதனைப் பிடித்தவர் தாமே என்றும், நிறை 18 இறாத்தல் 6 அவுன்சு என்றும் சொல்கிறார். அவர் எழுந்துபோக, பின்வருவோர் ஒவ்வொருவரும் அம்மீனைத் தாமே பிடித்ததாகச் சாதிக்கின்றனர். ஒருவர் கணக்கில் நிறை 34 இறாத்தல்! விடுதிக்காரரும் விட்டாரில்லை, சிறுவயதில் தாம் பிடித்தது என்கிறார். ஈற்றில் ஜோர்ஜ் என்னும் நண்பர் கிட்ட நின்று பார்க்க விரும்பி நாற்காலியில் ஏறி, சறுக்கி, பெட்டியைப் பற்ற, மீன் விழுந்து ஆயிரம் துண்டாகிறது. மீனன்று அது, வெறுஞ் சாந்து!

இதனை வெட்டியபின் மிஞ்சுவது யாது? இருவர் நடந்தனர், மீண்டனர். அதற்கு ஜெரோம் வேண்டுமா?

தேநீர்க் கடையில் இக்கதை நடவாது. தேநீர் ஆறுமுன் எழுந்துவிடுவோம். 'பொதுவீடு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் குறுக்கமே 'பப்' என்பது. நாட்டுப்புறத்திலே அது ஊரவரின் கூடம். அறியாதவனும் ஒரு குவளையோடு அமர்ந்தால், வானிலையையும் விளைச்சலையும் பற்றி அயலவன் அவனோடு பேசத் தொடங்கிவிடுவான். மீனின் நிறை ஏறுவதற்கு அத்தனை ஓய்வும் அக்குவளையும் வேண்டும். அவ்வழி இன்றும் உண்டு. தோணிகளை இழுத்த குதிரைகள் நடந்த கரைப்பாதையைப் பல இடங்களிற் பின்பற்றி, ஏறத்தாழ 185 மைல் நீளமுள்ள தேம்ஸ் நடைவழி 1996இல் திறக்கப்பட்டது. இலண்டனிலுள்ள பிள்ளைகளைக் காணச் செல்லும் நம்மவர், விடுதிகள் பலவற்றில் நாய்க்கெனத் தண்ணீர்ச் சட்டி வைத்திருப்பதைக் காணலாம். கிழவரின் சுங்கானை மட்டும் காணார். இங்கிலாந்தில் 2007 முதல் விடுதியினுள்ளே புகைத்தல் தடை.

யான் மதுவைத் தொட்டவனல்லன். கசிப்பினால் அழிந்த குடும்பங்களை அறிவேன். ஆதலின் பெரியவரின் அச்சத்தை எள்ளத் துணியேன். ஆயினும், புறநானூற்றிலே ஔவையாரும் அதியமானும் கள்ளுண்ட செய்தியை வகுப்பில் மறைக்கின்றோமா? அதையும் கற்பிக்கின்றோம், குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமையையும் கற்பிக்கின்றோம். ஔவையைக் கற்றுக் குடிகாரனான மாணவனை யான் இன்னுங் கண்டிலேன். அதியமானுக்கு அளித்த சலுகை ஆங்கிலேயனுக்கு இல்லையோ?

பெரியவர் எழுப்பியிருக்க வேண்டிய தடை வேறு. அது சொற்பற்றியது. மாணவர் முதலில் எழுதிய சொல் 'தவறணை'. மேனாட்டுச் சொல்லொன்று நம்மவர் நாவிற் புரண்டு அவ்வாறாயிற்று. தவறுக்கு அணை எனப் பொருள் கூறும் விகடரும் உளர். அச்சொல்லைக் கேட்டதும் மரவாங்கும் புளித்த கள் நாற்றமும் வசைமொழியுமே நம்முன் நிற்கும், ஆற்றங்கரை மறைந்துவிடும். 'சத்திரம்' எனின் மது இல்லை. 'பொதுமனை' என்று பெயர்த்தால் பொருள் நேரே நிற்கும். ஆனால் பொதுமகளிர் நினைவு குறுக்கே வரும். ஆகவே 'மதுவிடுதி' என்க. அல்லது 'பப்' என்றே விடுக. பஸ்ஸையும் பேனையையும் ஏற்ற தமிழ் இதற்கு நாணாது.

இனி, நாய். அதன் பெயர் மொண்ட்மொரன்சி. நண்பர் இருவரும் மெய்யான மனிதரைக் கண்டு எழுதப்பட்டவர்கள். நாயோ ஆசிரியரின் கற்பனை. எனினும் நூலின் துணைத்தலைப்பிலேயே இடம்பெற்றது அதுதான். உண்ணுமிடத்துக்கு நாயா என்று பெரியவர் வினவினாராம். நாயொன்று பின்தொடர நெடுவழி நடந்து, அதனை விட்டு விண்ணுலகும் புகேன் என்று வாயிலில் நின்ற தருமனின் கதையை ஆண்டுதோறும் சொற்பொழிவுகளிற் சுவைப்பவர் அவர். சுவர்க்கத்தைவிடத் தூய்மை மிக்கதோ ஓர் ஆங்கிலக் கிராமத்து விடுதி?

வெட்டுண்ட பகுதியைச் சேர்த்து முழுமையாக அச்சிடுமாறு மாணவர் மீண்டும் கேட்டிருக்கிறார். யானும் ஒரு கடிதம் வைத்துள்ளேன். அவர் மொழிபெயர்ப்பில் ஒரு திருத்தமும் செய்ய எண்ணினேன். மீன் செய்த பொருளைப் 'பாரிசுச் சாந்து' என்னாது 'பரிசுச் சாந்து' என்று எழுதியிருந்தார். அத்தனை பேர் தமக்குக் கிடைத்த பரிசென்று பீற்றிய மீன் அல்லவா? அப்படியே விட்டுவிட்டேன்.