படம் மாறும் வேளை

கணினித் திரையிற் படவில்லைகளைக் காட்டிப் பேசும் மாணவர் பலர், ஒன்று சுழன்று மறைய, அடுத்தது துள்ளி விழ, மற்றொன்று சிதறிப் பறக்குமாறு அமைத்துவிடுகின்றனர். சபையோர் கண் வித்தையிற் செல்கின்றது. பல கிழமை தேடித் திரட்டிய பொருளோ கேட்பாரற்றுப் போகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே மாயவிளக்குக் காட்சி நடத்தியோர், இரு விளக்குகளை ஒரே திரைமீது செலுத்தி, ஒன்றின் ஒளியைக் குறைத்துக்கொண்டே மற்றதன் ஒளியைக் கூட்டுவர். கோடைகால நிலக்காட்சி மெல்லக் கரைந்து பனிக்காலமாகும். இடம் ஒன்று, காலம் வேறு என்பதை அம்மாற்றமே சொல்லிற்று. பவர்பொயின்றில் 'ஃபேட்' எனப்படுவதும் அத்தகையதே. ஒரே குளத்தை மாரியிலும் கோடையிலும் ஒரே இடத்தில் நின்றெடுத்த இரு படங்களுக்கு அது மிகப் பொருந்தும். 'டியூரேஷன்' கட்டத்தில் இரண்டு மூன்று செக்கன் கொடுங்கள், நீர் வற்றுவதைக் கண் காணும். நீண்ட வரைபடத்தை இடமிருந்து வலமாகத் துண்டுதுண்டாய்க் காட்டுவதாயின், புதுப்படம் வலப்புறமிருந்து வரும் 'புஷ்' நன்று. ஏனையவற்றுக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

'டிரான்சிஷன்ஸ்' பகுதியில் 'அப்ளை டு ஓல்' என்றொரு பொத்தான் உண்டு. அதனை அழுத்துமுன் சற்றே பொறுங்கள். குளத்துக்கென வைத்ததை அது எல்லா வில்லைகளுக்கும் பூட்டிவிடும்.