தோழமைப் படையும் தோட்டத் தமிழரும்

மலாயாவில் இயங்கிய இந்திய தேசிய இராணுவம் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை இரண்டே வகையின. நேதாஜிக்குச் சூட்டும் புகழ்மாலை ஒருவகை. சப்பானியரின் கைப்பாவைப் படை என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது மற்றொருவகை. முன்னது மேடைக்கு வசதி. பின்னது தேர்வுத்தாளுக்கு வசதி. இரண்டிலும் இடம்பெறாதவன் ஒருவன் உளன். அவன், கிள்ளான் தோட்டத்து நிரையில் பால்வாளியை இறக்கி வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்தச் சென்ற தமிழன்.

அவனை அறிய 1943-ஆம் ஆண்டில் தொடங்கினால் போதாது, 1941-க்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் கூலி உயர்வோடு நின்றுவிடவில்லை. சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியம் கேட்டது. கள்ளுக்கடைகளை மூடச் சொன்னது. துரையைக் கண்டாலும் கிராணியைக் கண்டாலும் மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்ற இழிவை ஒழிக்கச் சொன்னது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகிப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இந்தியச் சிப்பாய்களும் வரவழைக்கப்பட்டனர். கிளர்ச்சி அடக்கப்பட்டபோது தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர்.

ஈராண்டுகள் கழித்து, அதே பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து பிரிந்துவந்த சிப்பாயும் தோட்டத் தொழிலாளியும் ஒரே அணியில் தோளோடு தோள் நின்றனர். கைப்பாவை என்னும் சொல் இதனை விளக்குமா? சப்பானிய அதிகாரி சொன்னதற்காகவா அவர்கள் நின்றனர்? படை முகாமில் சாதி பாராத, சமயம் பாராத ஒரே சமையற்கூடம் இருந்தது. ஆணைகள் இந்துஸ்தானியில் இடப்பட்டன. அம்மொழியை உரோமன் எழுத்தில் எழுதிக் கற்றனர். தமிழ் மட்டுமே அறிந்த தோட்டத்து இளைஞனுக்கு அது எளிதாக இருந்திராது. ஆனால் அங்கே எவரையும் கண்டு மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டியதில்லை. கேப்டன் இலட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில், கோலாலம்பூரின் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி தேவரோடு, பால்மரம் வெட்டிய பெண்களும் அணிவகுத்தனர். ஜானகியின் பெயர் நிலைத்தது. மற்றவர் பெயர்கள் எங்கே?

அந்நியருடன் கைகோத்ததே குற்றமென்பார் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இதே காலத்தில், இதே காடுகளில், சீனர் பெரும்பான்மையினராயிருந்த மலாயா மக்கள் சப்பானிய எதிர்ப்புப் படை, பிரிட்டனின் 136-ஆம் படைப்பிரிவுடன் 1943 டிசம்பரில் உடன்பாடு செய்துகொண்டது. பிரிட்டன் ஆயுதமும் பணமும் தந்தது. ஐந்தாண்டுகளுக்குள், 1948-இல், அவ்விரு தரப்பும் ஒன்றையொன்று வேட்டையாடின. அந்தக் கெரில்லாக்களை வெள்ளையரின் பொம்மைகள் என்று எவரும் எழுதுவதில்லை. அவரவர் நோக்கத்துக்காக அவரவர் துணை தேடினர் என்றே எழுதுகின்றனர். அந்த நியாயம் தமிழனுக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

அதற்காகப் புகழ்மாலைக்காரர் மகிழ்ந்துவிடவேண்டா. அவர்கள் மறைப்பது இதனினும் பெரிது. இந்தியப் படை போர்முனையில் நிற்பதைச் சப்பானியத் தளபதி தெராவுச்சி விரும்பவில்லை. ஒற்றறியவும் பரப்புரை செய்யவும் அது போதும் என்று கருதினார். போஸ் வற்புறுத்தியே முன்னணியில் இடம் பெற்றார். 1944-இல் பர்மா எல்லைக்குச் சென்றவர்களுள் பலர் சாலை செப்பனிடவும் சுமை தூக்கவும் பயன்படுத்தப்பட்டதாக அப்படையின் தளபதிகளே குறைகூறினர். குண்டு பட்டு வீழ்ந்தவர்களோடு பசியாலும் மலேரியாவாலும் வீழ்ந்தவர்களையும் சேர்த்தே எண்ணவேண்டும். இவையாவும் தோழமையின் ஒரு பக்கமே.

மறுபக்கம் சயாமில் இருந்தது. 1942 முதல் 415 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைக்கப்பட்ட சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பல்லாயிரவர் திரும்பவில்லை. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களும் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. மனிதரையும் இரும்பையும் ஒருசேர ஏற்றினர் போலும். 1943 அக்டோபர் 17-இல் அப்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. நான்கு நாள் கழித்து, 21-ஆம் நாள், சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அண்ணன் இராணுவத்திலும் தம்பி சயாமிலும் இருந்திருக்கக்கூடிய காலம் அது. விடுதலைப் படையினர் பலர் அந்தப் பாதை வழியாகவே பர்மா சென்றனர்.

இவ்விரண்டையும் ஒரே பாடத்தில் சொல்ல ஆசிரியர் தயங்குவதேன்? தியாகத்தின் மதிப்புக் குறைந்துவிடும் என்ற அச்சமே காரணமெனில், அது ஆதாரமற்ற அச்சம். தன் இனத்தாரைச் சயாமுக்கு அள்ளிச் சென்றவனுடன் இணைந்து போரிடநேர்ந்தவன் பட்ட பாடு, வெறும் வீரவணக்கத்துள் அடங்குவதன்று. இம்மண்ணின் எழுத்தாளர் அஞ்சவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமியோ சயாமைப் பற்றி 'நினைவுச்சின்ன'மும், இராணுவத்தைப் பற்றி 'இமையத் தியாக'மும் எழுதி இரண்டையும் தமிழாசிரியர் கையில் தந்தார். 'நான் விரும்பும் தலைவர்' என்று ஆண்டுதோறும் கட்டுரை கேட்கும் வகுப்பறைகளில் இவற்றுள் எத்தனை திறக்கப்பட்டன?

பிரிக்பீல்ட்சில் உள்ள இந்தியப் பண்பாட்டு மையம் 2015-இல் நேதாஜியின் பெயரைப் பெற்றது. தக்க பெயரே, அதில் பிழையில்லை. ஆனால் பர்மாவிலிருந்து உயிருடன் மீண்ட தோட்டத்து வீரன் எந்த மையத்திற்கும் வரவில்லை. அதே லயத்திற்கு, அதே கிராணியின் பெயர்ப்பட்டியலுக்குத் திரும்பினான். 1946–47-இல் கெடாத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படையினர் அணிவகுப்பை மறக்கவில்லை. கள்ளுக்கடைகளின் முன் நின்று, அவற்றை மூடு என்றனர். கிள்ளான் 1941-இல் கேட்டதும் அதுதான்.